நடந்து கரையாத கொழுப்பு

அனுப்புநர்:
திருமதி கலாஜினி சதீசன்,
மனைப் பொருளியல் ஆசிரியை,
குருக்கள்மடம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஆசிரியர் இடமாற்ற மேன்முறையீட்டுச் சபை,
மட்டக்களப்பு.

விடயம்: எனது நோயை உடற்பருமன் எனக் கொண்டு இடமாற்றம் மறுக்கப்பட்டமை பற்றிய முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

1. வாகரைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் சில வருடங்களாக மனைப் பொருளியல் படிப்பித்துவரும் நான், சொந்த ஊரான குருக்கள்மடத்துக்கு வைத்திய காரணங்களுக்காக இடமாற்றம் கோரியிருந்தேன். புரட்டாதி மாதம் பதில் கிடைத்தது. "மனுதாரரின் வயிற்றுக் கொழுப்பு உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் குறையக்கூடியது. அவர் கடமையாற்றும் பிரதேசம் காற்றோட்டமான கடற்கரையாதலால் நடைப்பயிற்சிக்கு மிகவும் உகந்தது. எனவே இடமாற்றம் அவசியமில்லை" என்று அதில் கண்டிருந்தது. வாகரைக் கடற்கரையைப் பற்றிச் சபையார் கொண்டுள்ள நல்லெண்ணத்துக்கு அவ்வூர் மக்கள் சார்பில் நன்றி. மீதியை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

2. முதலில் என் உருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலை இடுப்பில் நிற்பதற்கு எனக்கு ஊசிக்கு மேல் ஊசி குத்த வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பிள்ளைகள், "ரீச்சரப் புடிங்கடி, பறந்திருவா" என்று கேலி செய்வார்கள். நேர்முகத்துக்கு வந்தபோது சபையார் என் கோப்பைப் பார்த்தார்கள், தேநீருடன் வந்த வடையைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்க மறந்துவிட்டார்கள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் மேற்படி பதிலை எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

3. எனக்கு லூபஸ் என்ற நோய் இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியென்று நினைத்துத் தாக்கும் நோய் அது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரரைக் கடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு காலமும் மூட்டுகளையும் தோலையும் கடித்துக்கொண்டிருந்தது, இவ்வருடம் வயிற்றுக்குள் போய்விட்டது. குடலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பு விரிப்பு ஒன்று எல்லோர் வயிற்றிலும் உண்டு. மெலிந்தவர் வயிற்றிலும் உண்டு. எனக்கு அந்த விரிப்புத்தான் வீங்கியுள்ளது. லூபஸ் நோயாளர்களிலும் இது மிக அரிது என்று விசேட வைத்தியர் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. பயிற்சி வைத்தியர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நானும் ஏதோ போட்டியில் முதலாமிடம் வந்தவள் போலப் படுத்துக் கிடந்தேன்.

4. ஆங்கிலத்தில் இருந்த வைத்திய அறிக்கைக்குத் தமிழ் விளக்கம் கேட்கப்பட்டதால், "வயிற்றறைக் கொழுப்பிழைய அழற்சி" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அழற்சி என்றால் உடம்பில் ஓரிடம் வீங்கிச் சூடேறி நோவது. கோப்பு மேசைக்கு மேசை பயணம் செய்தபோது "இழையம்" வழியில் இறங்கிவிட்டது. அடுத்த தரிப்பிடத்தில் "அழற்சி"யும் இறங்கிவிட்டது. கடைசியில் சபைக்கு வந்து சேர்ந்தது வயிற்றுக் கொழுப்பு மட்டுமே. எவரையும் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. நீளமான பெயரைச் சுருக்குவது எழுதுவினைஞரின் இயல்பு. ஆனால் சுருக்கியவர் நோயையே விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்.

5. கொழுப்பு என்ற சொல்லுக்கு நம்மிடையே உள்ள மற்ற அர்த்தம் தாங்கள் அறியாததல்ல. கடிதம் ஆசிரியர் அறையில் திறக்கப்பட்டதால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சக ஆசிரியை றஞ்சிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொழுப்புக்கு டொக்டர்ட சேட்டிபிக்கற் எடுத்த முதல் ஆள் நீதான்" என்றார். மாமியார் அன்னப்பூரணி என் கணவரிடம், "இவட கொழுப்பு எனக்குக் கலியாணம் பேசக்குள்ளயே தெரியும் மனே. டொக்டர்மாருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு" என்றார். மாணவி ஒருத்தியின் தகப்பனும் கடற்றொழிலாளருமான கனகசூரியம், "வெறும் வயித்துல தேசிப்புளி குடிங்க ரீச்சர், எல்லாம் உருகிரும்" என்று ஒரு பை நிறையத் தேசிக்காய் கொண்டுவந்து தந்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று ஒரு நாள் குடித்தேன். அன்று என் வயிறு பட்டபாட்டை ஓர் அரச அதிகாரிக்கு எழுதுவது மரியாதையல்ல.

6. இதற்குப் பிறகு நடந்தது சிரிக்கக்கூடியதல்ல. ஐப்பசியில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் சமநிலை உணவு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வலி வந்தது. கரும்பலகையைப் பிடித்துப் பார்த்தேன், முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டேன். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அதே கனகசூரியம்தான் ஓடிப்போய் வான் பிடித்து என்னை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். "இந்தா வந்திற்று ரீச்சர், இந்தா வந்திற்று" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே வரும் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும்போதே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் மிச்சத் தூரத்தைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். குடல் அடைபட இருந்தது, இன்னும் பிந்தியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

7. இப்போது விழுங்கும் குளிசை இனிப் போதாதாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறொரு மருந்து வேண்டும். அதைத் தொடங்கினால் முதல் மாதங்களில் கிழமைக்குக் கிழமை நகரில் இரத்தம் சோதிக்க வேண்டும், காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு வந்துவிட வேண்டும். வாகரையில் தங்கியிருந்துகொண்டு இது முடியாது என்பதால், நான் கிட்டே வரும்வரை மருந்தைத் தொடங்க வைத்தியர் மறுக்கிறார். வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர். என்னால் முடியவில்லை. வகுப்பில் நிற்கும்போதுதான் நான் நோயாளி என்பது எனக்கு மறந்துபோகிறது.

8. ஆகவே தங்களிடம் கேட்பது:

(அ) என் கோப்பில் நோயின் முழுப்பெயரையும் எழுதுவித்து, இத்துடன் இணைத்துள்ள ஸ்கான் அறிக்கையை ஒரு வைத்தியரைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் என்னை நேரில் அழையுங்கள். இம்முறை நான் கதிரையில் இருக்காமல் எழுந்து நிற்கிறேன்.

(ஆ) முதலாம் தவணை தொடங்குமுன் எனக்கு இடமாற்றம் தர வேண்டும். குருக்கள்மடம்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கவில்லை. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய எந்தப் பாடசாலையும் போதும்.

(இ) எனக்குப் பதிலாக ஒருவரை நியமித்த பிறகே என்னை விடுவிக்க வேண்டும். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றப் போகிறவர்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டு வந்தால் அந்த மருந்தும் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

9. வைத்தியர் புதிய மருந்தைச் சீட்டில் எழுதித் தந்துவிட்டார். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, அவருடைய ஒப்பமும் இருக்கிறது. தொடங்கும் திகதியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார். ஐயா, அந்தத் திகதி இப்போது தங்கள் கையில்தான் இருக்கிறது.

மரியாதையுடனும் அவசரத்துடனும்,

(ஒப்பம்)
கலாஜினி சதீசன்

இடம்: குருக்கள்மடம்
திகதி: 2025.11.24