ஆறாவது தளத்துப் படிக்கட்டு

திருவண்ணாமலை
18-1-1988

அன்பு மகன் நசீருதீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன்னையும் அல்லாஹ் அங்கே அப்படியே வைத்திருக்கட்டும். நேற்று அம்மாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினோம், இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். உன் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. கடைசி நாட்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ அனுப்பிய கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டி, அந்தப் பாதாள விளையாட்டை அம்மா தினமும் மத்தியானம் ஆடினாள். நான் கவனித்ததில்லை. பக்கத்து வீட்டு சரசுதான் கூட உட்கார்ந்திருப்பாள், விவரமெல்லாம் அவள் சொன்னதுதான். பூமிக்கடியில் பத்துத் தளம், ஒவ்வொன்றிலும் இருட்டு வழி, பூதங்கள். நாலு பேர் கூட்டாக இறங்க வேண்டுமாம். அம்மா வைத்த பெயர்கள் நான், அவள், சரசு, நீ. சரசுவுக்குத் திருடி வேலை. உனக்கு வைத்தியன் வேலை, ஆனால் உன்னை மட்டும் மேலே சத்திரத்திலேயே விட்டுவிட்டு மூன்று பேராகத்தான் இறங்குவாளாம். வைத்தியன் இல்லாமப் போனா பூதம் அடிக்காம என்னக்கா பண்ணும், எனக்குத்தான் அடி ஜாஸ்தினு சரசு சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு அம்மா, "அவன் ஏற்கெனவே தூரத்துல கெடக்கிறான். இருட்டுல வேற எதுக்கு? மேலயே இருக்கட்டும்" என்றிருக்கிறாள்.

நிறுத்தும்போது, எதுவரை போனாள் என்பதை என் டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டில் பதிந்து வைப்பாள். நவம்பர் 24 அன்று அவளை வேலூரில் சேர்த்தோம். 26ஆம் தேதி தீபத் திருவிழா ஏற்பாடுகள் பற்றி அதிகாரிகள் கூட்டம். பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று ரெக்கார்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன், உள்ளே இருந்த கேசட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டபோது நாற்பது நிமிஷம் சிறப்பு பஸ்களும் குடிதண்ணீரும் பற்றிய பேச்சு. அதன் பிறகு கொஞ்சம் கீச்சென்ற சத்தம், அவ்வளவுதான் அவளுடையதில் மிச்சம்.

டிசம்பர் 2ஆம் தேதி ஆஸ்பத்திரியில் கேட்டாள், "கேசட் பத்திரமா இருக்குதுங்களா? ஆறாவது தளத்துல படிக்கட்டுகிட்ட நிறுத்தியிருக்கேன்." பத்திரமா இருக்குனு சொன்னேன். 9ஆம் தேதி காலை 6.20க்கு மூச்சு நின்றது. இடையில் அவள் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னது பொய். இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுதவில்லை.

என் நியூஸ்பிரின்ட் தாள்களில் அவள் போட்ட வழிப்படங்கள் இருக்கின்றன. ஐந்து தளங்கள் முழுசாக, பள்ளம் இருக்கும் இடங்களில் சிவப்பு மை. ஆறாவது தாளில் ஒரு படிக்கட்டும் நாலு கட்டமும் மட்டும். நேற்று எல்லாரும் போன பிறகு முதலிலிருந்து தொடங்கினேன். அதே பெயர்கள்தான் வைத்தேன். முதல் தளத்திலேயே மூன்று பேரும் செத்துப்போனோம். இன்று காலை இரண்டாம் தளம் வரை போனேன், கரண்ட் போய்விட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். எந்த பட்டனை அழுத்தினால் கேசட்டில் பதியும் என்று மறக்காமல் எழுது, அவள் யாருக்கும் சொல்லித் தரவில்லை. உன் பதில் வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும். அதுவரை கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் முதல் தளத்திலிருந்து போய்க்கொள்கிறேன். உன்னை மேலேயே விட்டிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

துஆவுடன்,
அத்தா
ஹபீப் முகம்மது