அம்மா பெயரில் வந்த மாத்திரை

ஆயர் ஈத்தாம், பினாங்கு.

அண்ணன் மோகனராஜ் அவர்களுக்கு, தங்கை லோகேஸ்வரி எழுதுவது.

நானும் அவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள். போன் அடித்தால் மீட்டிங் என்கிறீர்கள். அதனால்தான் ஆஸ்திரேலியாவுக்கு, உங்கள் பெர்த் வீட்டுக்கே பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்?

என் பிள்ளை தனேஷுக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து புண் ஆறிவிட்டது. கால்கள்தான் அசையவில்லை. வயிற்றுக்குள் முதுகெலும்பு மூடாமலேயே வளர்ந்த பிள்ளை, நடப்பது கஷ்டம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் சாப்பிட்ட வலிப்பு மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார் நரம்பு டாக்டர். வால்புரோயேட் என்று பெயர். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு, ஆபத்தைச் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாதாம். "ஒங்களுக்கு யாருமே சொல்லலையாம்மா?" என்று கேட்டார். யார் சொல்வார்கள்? மாத்திரை உறையில் இருந்தது அம்மாவின் பெயர். அறுபது தாண்டிய தனலெட்சுமியிடம் கர்ப்பத்தைப் பற்றி எவர் பேசுவார்?

அது உங்கள் யோசனை. கல்யாணம் பேசும்போது நீங்கள்தான், "மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுடும்லா. மருந்த அம்மா பேர்லயே எடுத்துக்கலாம், புவனேஸ் நம்ம ஆளு" என்றீர்கள். உங்களோடு படித்த டாக்டர் புவனேஸ்வரனும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அம்மா மாதாமாதம் அக்கரையில் பிறை ஊரில் அவர் கிளினிக்கில் வாங்கி, விட்டமின் டப்பாவில் மாற்றி, பினாங்குப் பாலம் தாண்டிக் கொண்டுவருவார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை கோகுலனுக்கு எல்லாம் வார்டில்தான் தெரிந்தது. என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று நரம்பு டாக்டர் என்னைக் கேட்டபோது பக்கத்திலேயே நின்றார். என்னைத் திட்டவில்லை. கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும், "சொல்லியிருந்தா ஒன்னைக் கட்டியிருக்க மாட்டேனா?" என்று மட்டும் கேட்டார். எந்த மனிதரிடம் மறைக்கச் சொன்னீர்கள், அண்ணே! இன்று பிள்ளைக்குக் குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது அவர்தான்.

வக்கீல் லைலாவைப் பார்த்தோம். ஒருவர் மருந்தை இன்னொருவர் பெயரில் எழுதியதே பெரிய தப்பு என்றார். ஆனால் லோகேஸ்வரி என்று தங்களுக்கு நோயாளியே இல்லை என்று கிளினிக் பதில் அனுப்பிவிட்டது. மருந்து எனக்குத்தான், நான் உண்டாகியிருந்ததும் டாக்டருக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால்தான் வழக்கு நிற்குமாம். உங்களைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று அம்மா அழுகிறார்.

பிள்ளை உண்டானதும் உங்களுக்குத்தான் போன் செய்தேன். மாத்திரையைத் தொடரலாமா, டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். மறுநாளே, "கேட்டுட்டேன், ஒன்னும் ஆவாது. நிறுத்துனாதான் ஆபத்து. பேசாம சாப்பிடுலா" என்றீர்கள். நம்பிச் சாப்பிட்டேன். இப்போது கோகுலன் நேரில் போய்க் கேட்டால், மோகன் அப்படி எதுவும் கேட்கவே இல்லை என்கிறார் அந்த டாக்டர். உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள்.

நண்பனுக்கு லைசன்ஸ் போய்விடும், குடும்ப மானம் போய்விடும், விட்டுவிடச் சொல் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்களாமே. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மானத்தைக் காப்பாற்றப் போய்த்தான் என் பிள்ளைக்குக் கால் இல்லாமல் போயிற்று.

அன்று டாக்டரிடம் நிஜமாகவே கேட்டிருந்தால், வந்து வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வழக்கு தோற்றாலும் தோற்கட்டும். அந்த டாக்டரைத் திட்டுவதா உங்களைத் திட்டுவதா என்று தெரியாமல் தினமும் வெந்துகொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு ஐந்தாம் மாதம் என்று அம்மா சொன்னார். எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தாலும் அந்தப் பிள்ளையைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல் வராது. நல்லபடியாகப் பிறக்கட்டும், ஓடி விளையாடட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணி எந்த மாத்திரை சாப்பிட்டாலும், டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அண்ணியையே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
லோகேஸ்வரி