துப்பாக்கி தாழும் கரை

நாம் வேலை செய்த துப்பாக்கி விளையாட்டின் குறுந்தகடு இன்று பார்சலில் வந்தது. உன் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியை உன் உம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். அதை டிவியில் மாட்டினேன். ஜாய்ஸ்டிக்கின் இடது குமிழில் ரப்பரே இல்லை. உன் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்தது.

சென்னை அலுவலகத்தில் அந்த விளையாட்டின் கடற்கரைக் கட்டத்தைச் செய்யும் வேலை நம் இருவருக்கும் வந்தது. இடத்தை அமைப்பது நீ, ஆட்களை உருவாக்குவது நான். யாரிடமும் பேசக் கூசுகிற நான், லீவில் எங்கள் மீனவ ஊரான அக்காள்மடம் வந்து அய்யாவையும் சித்தியையும் படமெடுத்துப்போய், அந்த முகங்களையே கரையில் வலை பிரிக்கிறவர்களுக்கு ஒட்டினேன். நீ சிரித்தாய்.

"ஏ புள்ள, உங்க அய்யாவையே கூட்டியாந்துட்டியா? எவனாச்சும் சுட்டுப்புட்டா?"

சிரித்தபடியே ஒன்று செய்தாய். அவர்களைக் குறிவைத்தால் துப்பாக்கி தானாகத் தாழும். எவ்வளவு அழுத்தினாலும் சுடாது.

டீம் லீடர் உன்னிடம் கத்தினார். "சுடுற கேம்ல சுட முடியலன்னா எவம்மா வாங்குவான்?"

"எங்க பக்கம் கடலுக்குப் போனவங்கள நெசமாவே சுடுறாங்க சார். இங்கனயும் வேணாம்" என்றாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன மறுவாரம் லீடர் என் மேசைக்கு வந்தார். "அந்தத் தாழுறத எடுத்துடும்மா. அவங்களச் சுட்டாலும் பாயிண்ட் வரட்டும்."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கிடைத்த வேலையை இழக்கும் பயம் எப்போதும் உண்டு. "சரி சார்" என்றேன். எடுத்தேன். கூடவே அய்யாவை எடுத்தேன், சித்தியை எடுத்தேன், கரையில் கிடந்த வள்ளங்களையும் எடுத்தேன்.

"ஆளுங்க எங்க?"

"கடலுக்குப் போயிருக்காங்க சார்."

"விளையாடுறியா? திரும்பப் போடு."

"அந்த முகத்தப் போட அவங்க கையெழுத்து வேணும்ல சார்? நான் வாங்கித் தரமாட்டேன்."

விளையாட்டு வெளியாகும் நாள் நெருங்கியிருந்தது; புது முகங்கள் செய்ய அவர்களுக்கு நேரமில்லை. அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள்.

இன்று ஆடிப் பார்த்தேன். ஆயுதமேந்திய எதிரிகள் வருகிறார்கள், விழுகிறார்கள். நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. பின்னால் நின்ற அய்யா கேட்டார், "என்னத்தா, கரையில ஒரு மனுசனையும் காணோம்?"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்கய்யா."

நாளை மறுநாள் பெங்களூரில் ஒரு நேர்காணல். அங்கும் துப்பாக்கி விளையாட்டுதான். அவர்கள் கேள்வியைத் தொடங்குமுன் நான் ஒன்று கேட்கப்போகிறேன்: "இதில் யாரைச் சுட வேண்டும்?" பதில் பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புவேன். கேட்காமல் மட்டும் உட்காரமாட்டேன்.