ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல்

மார்ச் 3
இன்றும் தலை சுற்றியது. ஃப்ரேமில் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடை முதலாளி, "உங்களுக்கே ஒரு கண்ணாடி போட்டுக்கோங்க" என்றார். சிரித்தேனா, நினைவில்லை.

மார்ச் 6
ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்தார்கள். உடம்பைத் தாங்குகிற ஹார்மோனாம். நார்மல். "மனசுதாம்மா" என்றார் டாக்டர். வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். பக்கத்தில் என் கணவர். இல்லை என்றேன்.
கர்ப்பத்தடை மாத்திரை கைப்பையின் அடியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. இவருக்குக் குழந்தை வேண்டும். எனக்கு வேண்டாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, மாத்திரையை விழுங்க மட்டும் வருகிறது.

மார்ச் 11
மாமியார்: "அதான் நார்மல்னு வந்தாச்சே, இன்னும் என்ன படுக்கை?" கோபம்கூட வரவில்லை. உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை நக்கினேன். இப்போது அது ஒன்றுதான் ருசிக்கிறது.

மார்ச் 19
கடையில் விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரி. இந்த டாக்டர் பெண். உள்ளங்கை ரேகைகள் கறுத்திருப்பதைப் பார்த்தார். இவரை வெளியே அனுப்பிவிட்டு மாத்திரையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.
"கார்ட்டிசால் ரத்தத்துல ஒரு புரதத்துல ஏறித்தான் போகும். பஸ்ல போற மாதிரி. உங்க மாத்திரையில இருக்கிற ஹார்மோன் பஸ் எண்ணிக்கையைக் கூட்டிடுச்சு. டெஸ்ட், பஸ்ல இருக்கிற ஆளையும் சேர்த்து எண்ணிடும். ஆனா வேலை செய்யறது கீழ இறங்கினவங்கதான். உங்களுக்கு அவங்க ரொம்பக் குறைவுன்னு நினைக்கிறேன்."
குறைகிற ஹார்மோனை ஊசியாக உடனே போட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டுமாம். "அதுவரைக்கும் கர்ப்பம் ஆகாம அவரும் ஜாக்கிரதையா இருக்கணும். சொல்லிடுங்க."

மார்ச் 20
சொல்லவில்லை.

மார்ச் 22
"டாக்டர் இப்போ குழந்தை வேணாம்னுட்டாங்க" என்றேன். பழி டாக்டர் தலையில். இவர் தலையாட்டினார். அவ்வளவு சுலபம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை — ஏன்?

மே 8
இந்த முறை கார்ட்டிசால் அடிமட்டம். கார்ட்டிசால் சுரக்காத நோய்தான், உறுதி. தினமும் மருந்து, ஆயுசுக்கும்.
"அப்போ குழந்தைக்குத் தடை இல்லையே?" என்றார் இவர்.
"மருந்தை விடாம இருந்தா பெத்துக்கலாம்" என்ற டாக்டர் என்னைப் பார்த்தார்.
காது சுட்டது. "எனக்கு வேணாம்."
"இப்போ வேணாமா?"
"எப்பவுமே வேணாம். நீங்க கேக்கவே இல்ல. நானும் சொல்லல."
டாக்ஸியில் ஏறினோம். நான் ஓவென்று அழுதேன். டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். மூக்கெல்லாம் ஒழுகியது. இவர் ஜன்னலைப் பார்த்தபடியே கைக்குட்டையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.