நம்பர் டூ நின்ற பக்கம்

இடது காது கேளாத என் அருமை அப்பா,

ஆமாம், திரும்பித்தான் இருக்கிறது. உங்கள் கல்லறைக் கல்லில் பீரங்கியின் வாய் வலப்பக்கம் பார்க்கிறது. தவறு என்னுடையது. பல்லாவரத்துக் கல் தச்சரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வலது காதில்.

பவுடர் டப்பாவில் நீங்கள் வைத்திருந்த இரண்டு தொப்பி வில்லைகளும் பத்திரம். நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்தபோது கொடுத்தது ஒன்று. பீரங்கிக்கு மேலே கிரீடம். சுதந்திரத்துக்குப் பின் கொடுத்தது மற்றொன்று. கிரீடம் இருந்த இடத்தில் நட்சத்திரம். ராஜா போனார், நட்சத்திரம் வந்தது, பீரங்கி அப்படியே நிற்கிறது. ரெஜிமெண்டின் சரித்திரத்தை இந்த ஒரு வரியில் முடித்துவிட்டு இட்லிக்குக் கை நீட்டுவீர்கள்.

தபாலில் வந்த அந்தத் தடித்த சரித்திரப் புத்தகத்தை இந்த விடுமுறையில்தான் முழுக்கப் படித்தேன். எந்தப் பக்கத்திலும் உங்கள் பெயர் இல்லை. நீங்களும் தேடியிருக்கிறீர்கள். பக்கம் பக்கமாக, ஓரத்தில் உங்கள் விரல் தொட்டுப் புரட்டிய கறை. எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

கல்லில் வில்லையைச் செதுக்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். ரெஜிமெண்ட் உங்களை எழுதாவிட்டால், உங்கள் கல்லில் ரெஜிமெண்டை எழுதிவிடலாம்.

செதுக்க ஒரு மாதிரி வேண்டும் என்றார் கல் தச்சர். வில்லையைக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு வரையவும் வராது. துணி துவைக்கும் பார் சோப்பில் வில்லையை அழுத்தி எடுத்தேன். அச்சு அவ்வளவு துல்லியம். நட்சத்திரத்தின் முனைகளைக்கூட எண்ணலாம். வாசகம் வேண்டாம், பீரங்கியும் நட்சத்திரமும் போதும் என்று சொல்லி, எழுத்துகளைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். எழுத்து இருந்திருந்தால் அவராவது கண்டுபிடித்திருப்பார். எம்.ஏ. வகுப்பில் பிம்பத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் கட்டுரை எழுதியவள் நான். அச்சில் இடம் வலமாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை கல்லை நட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வந்து ஜெபிப்பதாக ஏற்பாடு. உங்களோடு பட்டாளத்தில் இருந்த கோபால் மாமா வியாழக்கிழமையே கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னா பாப்பா இது? பீரங்கி ரிவர்ஸ்ல போய்கினு கீது."

வில்லையை எடுத்து ஒப்பிட்டோம். வில்லையில் வாய் இடப்பக்கம். கல்லில் வலப்பக்கம். கல் தச்சர் பையிலிருந்து சோப்பை எடுத்து நீட்டினார். "நீ குட்தா மாறியேதாம்மா செஞ்சேன். எடுத்துடலாம், ஆனா குழி வுழும்." ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு கல் கிடைக்காது என்றும் சொன்னார்.

அம்மா வில்லையை வாங்கிக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தாள். மற்ற ரெஜிமெண்டுகளுக்குக் கொடி உண்டு, எங்களுக்குப் பீரங்கிதான் கொடி என்பீர்கள். அணிவகுப்பில் அதற்குத்தான் சல்யூட். அதன் மேல் சாய்ந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள் என்பீர்கள். உங்கள் கொடியை நான் தலைமாட்டில் புறமுதுகு காட்ட வைத்துவிட்டேன்.

குழி விழுந்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஏனோ நம் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது.

மழை நாட்களில் அந்த மேஜைதான் பீரங்கி. ஜன்னல் பக்கம் அதன் வாய். கட்டளையிடுவது அம்மா, அதனால் அம்மா நம்பர் ஒன். தலையணையைக் குண்டாகத் தூக்கி வரும் நான் நம்பர் ஃபோர். பீரங்கியின் பின்கதவைத் திறந்து மூடும் நம்பர் டூ நீங்கள். பட்டாளத்திலும் வீட்டிலும் அதே நம்பர். நின்றதும் ஒரே பக்கம்.

"மாமா, நம்பர் டூ எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"வலது பக்கம். நான் நம்பர் த்ரீ, குறி பாக்கறவன். எனுக்கு இடது பக்கம். அதான உங்கப்பனுக்கு இடது காது போச்சி, எனுக்கு வலது காது போச்சி."

அதனால்தான் தேநீர்க் கடை பெஞ்சில் நீங்கள் இருவரும் பக்கம் மாறி உட்கார்வீர்கள். பீரங்கியில் நின்றபடி உட்கார்ந்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆராதனையில் அம்மா எப்போதும் உங்களுக்கு வலப்புறம்.

நான் மாமாவைக் கல்லுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். முன்னால், உங்கள் இடத்தில், நான் நின்றேன். நடுவில் பீரங்கி.

"உங்க பக்கத்திலேருந்து பாத்தா வாய் எந்தப் பக்கம் மாமா?"

அவர் கல்லின் வெறும் முதுகைப் பார்த்தார். மனத்துக்குள் வரைந்திருப்பார். இடது கையை மெல்ல நீட்டினார்.

"இடது."

"எங்கப்பா பக்கத்திலேருந்து?"

மாமா சிரிக்க ஆரம்பித்தார். வில்லையில் இருப்பது அவர் பக்கத்துப் பீரங்கி. இத்தனை வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றது, கல்லில் இருக்கும் இந்தப் பீரங்கி. வாய் வலப்பக்கம். யாரும் எந்த வில்லையிலும் வார்க்காத உங்கள் பக்கம்.

"அப்போ இது கரெக்ட்டு. என் கல்லுல மட்டும் அந்தப் பக்கம் பாக்கணும் பாப்பா. சோப்பு குடுக்காத, வில்லையவே குடு."

நீங்கள் போனபின் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்து, நம்பர் ஒன் கட்டளையிட்டாள்: "இருக்கட்டும். எடுக்க வேணாம்."

ஞாயிறன்று போதகர் ஜெபித்தார். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே இரைந்து போனது. ஆமென் யாருக்கும் கேட்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால், விமானப்படைக்கு நேரம் காலம் தெரியாது, பீரங்கிப் படைதான் ஒழுங்கு என்றிருப்பீர்கள்.

வாக்குத் தருகிறேன் அப்பா. தப்பாகச் செதுக்கியிருக்கிறதே என்று கேட்பவர்களை நகர்த்தி, நீங்கள் நின்ற பக்கத்தில் நிறுத்திக் காட்டுவேன். புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதுவேன். எவ்வளவு களைத்து வந்தாலும் அந்தக் கல் மேல் சாய மாட்டேன்.

உங்கள் மகள்,
நம்பர் ஃபோர்

பி.கு. அந்தச் சோப்பைக் கல் தச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டு மேஜை விரிப்பைத் துவைத்தேன். கிணற்றடியில் காய்கிறது.