குணாவுக்குக் கட்டிய டை

ஜூலை 23, 1984. திங்கள்.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஆடி மாதம், ஸ்டூடியோவில் ஈ ஓட்டுகிறோம்.

என் வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார். ஆவணியிலிருந்து சாவு வீட்டுக்குப் படமெடுக்கப் போகமாட்டாராம், கல்யாணம் மட்டும்தானாம். எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எந்த வீட்டில் உயிர் போனாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் கல்யாண ஆர்டர் பேச வந்த குடும்பம் வாசலோடு திரும்பிவிட்டது. காரணம், வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே எல்லாம் மாலை போட்ட முகங்கள். ஐசி, அதாவது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, நான் பிரஷ்ஷால் வண்ணமும் பொட்டும் மாலையும் தீட்டியவை. பெண்ணின் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "என்னா லா இது, பூராவும் செத்தவங்க மூஞ்சி. வாங்க, வேற கடை பாப்போம்."

நாளைக்கு: கண்ணாடி துடைக்க. போர்டு எழுதுபவரைப் பார்க்க. மஞ்சள் தூள் முடிந்தது.

ஜூலை 25. புதன்.

கிழவர் கிழவி படங்களை இறக்கியாயிற்று. கல்யாண மாதிரிக்கு ஒரே ஒரு மணப்பெண் படம்தான் உண்டு, என் நாத்தனாருடையது. மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இவர் குணாவைக் காட்டினார். "மாலைய அழிச்சிட்டு கோட்டு போட்டு விடு."

குணா, பொன்னம்மாக்காவின் ஒரே மகன். துறைமுகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. நாலு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செய்த படத்தை அவன் அப்பா ஏறெடுத்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீட்டில் மகன் பேச்சையே எடுக்கக் கூடாதாம். அன்றிலிருந்து படம் எங்கள் பெட்டியில். பொ. அக்கா வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அவர் பார்ப்பாரே என்றேன். "அவங்க என்னா சொல்லப் போறாங்க?" என்றார் இவர்.

கோட்டு, கருநீலம். டை, மெரூன். நன்றாக வந்துவிட்டது, அதுதான் எரிச்சல். 

ஜூலை 27. வெள்ளி.

நல்ல வெயில். இடப்பக்கம் பல் வலி.

பொ. அக்கா வந்தார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், வெட்கக்கேடு. வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"மாலைய எடுத்துட்டீங்களா தங்கச்சி?"

மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பக்கத்துல யாரு அந்தப் பொண்ணு?"

"எங்க நாத்தனார், அக்கா."

"லட்சணமா இருக்கு."

போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. இவரிடம் சொன்னால், "ஆவணி முடியட்டும், மாத்திடலாம்" என்கிறார். மனுஷனா!

ஜூலை 30. திங்கள்.



தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு அம்மா, மகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க. பெண்ணுக்கு ஃபேக்டரியில் வேலை, சாந்தமான முகம். எடுத்து முடிந்ததும் அந்த அம்மா என் காதருகே வந்தார். "வெளிய கோட்டு போட்ட தம்பி யாருங்க? கல்யாணம் ஆயிருச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில். பொ. அக்கா. இப்போது தினமும் வருகிறார்.

"எம் மகன்தாங்க. ஹார்பர்ல கிராணி. இன்னும் ஆவல."

"ஜாதகம் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

சனிக்கிழமை இங்கேயே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பினார். போகும்போது மகள் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். 

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க?"

"அவனப் பத்தி ஒருத்தங்க கேட்டு நாலு வருசமாச்சு தங்கச்சி. வாய் தானா சொல்லிருச்சு."

அழுதார். நானும்.

ஆகஸ்டு 2. வியாழன்.

தூறல். இவர் என்ன கத்தினாலும் சரி, படத்தை இறக்கிவிடுவது என்று ஸ்டூலில் ஏறினேன். திரும்பினால் பொ. அக்காவும் அவர் வீட்டுக்காரரும். எங்கள் கடையைத் தாண்டக் கூடாதென்று காய்கறி வாங்கப் பாசாருக்கே சுற்றுவழியில் போகிறவர் அவர்.

"நம்ம பையனப் பொண்ணு வீட்டுல கேட்டாங்கன்னு சொன்னேன்," என்றார் அக்கா. "சட்டைய மாட்டிக்கிட்டு கெளம்பிட்டாரு."

அவர் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றார். இவர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "மன்னிச்சுக்குங்கண்ணே, மாலையத் திரும்பப் போட்டுத் தர்றோம்" என்றார்.

"மாலை வேணாம்."

கண்ணாடிக்கு மேலேயே விரலால் டையைத் தடவினார்.

"டை கட்டத் தெரியாது அவனுக்கு. நாந்தான் கட்டி விடுவேன்."

பேப்பரில் சுற்றிக் கொடுத்தோம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அக்கா பின்னாலேயே, படத்துக்குக் குடை பிடித்தபடி.

பெட்டியில் இப்போது நாத்தனார் மட்டும்.

நாளை மறுநாள் அந்த அம்மா ஜாதகத்தோடு வருவார், மகளும் வருவாள். தான் பேசிக்கொள்வதாக இவர் சொல்கிறார். வேண்டாம். கோட்டு தீட்டியவள் நான். அந்தப் பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும்.