லேபுக்குப் பாதி

21 ஜனவரி 1992, செவ்வாய்

இன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் கல்லூரியில் ஒரு மணி நேரம் என்பது ஐம்பது நிமிடம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பூமியை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பாடத்திட்டக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் அதை மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். தமிழ் வாத்தியாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கிடைத்த பதவி.

ஜூனில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் தொடங்குகிறது. அதற்குப் புது முறை, கிரெடிட். வாரம் ஒரு மணி நேர வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து தேறினால் ஒரு கிரெடிட். மூன்று வருஷத்தில் நூற்றிருபது சேர்த்தால் பட்டம்.

லேபுக்கு எத்தனை என்ற கேள்வி வந்தபோது மணி மூன்று முப்பது. 3.52-க்குச் செங்கல்பட்டு வண்டி, விட்டால் 5.20. வீடு இருக்கும் பெருங்களத்தூருக்கு பஸ்ஸிலும் போகலாம். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு புத்தகம் படிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். "லேப்ல பாதி நேரம் மெஷின் எப்ப கண்ணைத் திறக்கும்னு காத்துக்கிட்டுதானே இருக்காங்க, பாதி போடுங்க" என்றேன். பிரின்ஸிபால் லோகநாதன் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மானமாகிவிட்டது: லேப் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட்.

வண்டி கிடைத்தது. ஜன்னல் ஓரம்.

24 ஜனவரி

பதினாலு வருஷமாகக் கேட்டுவந்த பேப்பரைக் கொடுத்துவிட்டார்கள். 'தமிழ் இலக்கியத்தில் எள்ளல்', விருப்பப் பாடம், வாரம் மூன்று மணி நேரம், மூன்று கிரெடிட். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குத்தான் தேவைப்படும்.

6 மார்ச், வெள்ளி

புது கோர்ஸின் விவரப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அறுநூறு பிரதி. என் பேப்பர் ஒன்பதாம் பக்கம். வீட்டில் நான்கு முறை பார்த்தேன். நான்காவது தடவை பார்த்ததை லோகநாயகி பார்த்துவிட்டாள். "எழுத்து ஏதாவது ஓடிப்போயிடப் போகுதா?" என்றாள். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் எள்ளலுக்குத் தனி வகுப்பு தேவைப்பட்டதில்லை.

18 மார்ச், புதன்

ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் குப்புராஜ் ஒரு காரியம் செய்திருக்கிறார். மாணவருக்குப் போட்ட கணக்கையே ஆசிரியருக்கும் போட்டுவிட்டார். முழுநேர ஆசிரியர் என்றால் வாரம் பன்னிரண்டு கிரெடிட் பாடம் எடுக்க வேண்டும். எனக்குச் சரியாகப் பன்னிரண்டு: பழைய தமிழ் வகுப்புகள் ஒன்பது, எள்ளல் மூன்று.

அமலராணிக்கு ஒன்பது.

டிப்ளமா வகுப்புக்காக வாங்கிய ஐந்து கம்ப்யூட்டர்களையும் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். எம்.எஸ்ஸி. படித்தவர், தற்காலிகம். ஜூனில் அந்த இடம் நிரந்தரமாகிறது. அவருக்கு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஜூனிலிருந்து அவருக்கு வாரம் பதினெட்டு மணி நேரம் லேப். பதினெட்டில் பாதி ஒன்பது. ஆகவே முழுநேர ஆசிரியர் இல்லை, ஆகவே நிரந்தர இடத்துக்குத் தகுதி இல்லை. மே கடைசிக்குள் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்களாம்.

குப்புராஜிடம் போய்க் கேட்டேன். "ரூல்ல அப்பிடித்தான் கீது சார். கீழ உங்க கையெழுத்துதான் கீது" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

19 மார்ச்

லேப் வாசலில் அமலராணியைப் பார்த்தேன். தூசி போகக்கூடாது என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அங்கேதான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"லேப்ல பாதி நேரம் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே சார். அந்தப் பாதி நேரம் நான் எங்க இருக்கேன்னு நினைச்சீங்க?"

வெளியே கிடந்த செருப்புகளை எண்ணினேன். இருபத்திரண்டு ஜோடி.

20 மார்ச்

ஜோக்குதானே சொன்னேன். ஜோக்குன்னு மினிட்ஸ்ல எழுத முடியுமா? எழுதினதும் நான்தானே — அஞ்சு இருபதுக்குப் போயிருந்தா என்ன, குடி முழுகிப் போயிருக்குமா?

27 மார்ச், வெள்ளி

லேபுக்கும் மணிக்கு ஒன்று என்று மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன். பிரின்ஸிபால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். மூன்று வருஷத்தில் லேபுக்கு இருபது கிரெடிட். முழுசாக எண்ணினால் அது நாற்பதாகும். பட்டம் நூற்று நாற்பதாகும். நூற்றிருபது என்று அறுநூறு பிரதியில் அச்சாகியிருக்கிறது, நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொண்டாயிற்று. "அந்தம்மா வகுப்பெடுக்க எங்கேயாவது மூணு கிரெடிட் இருந்தா சொல்லுங்க, குடுத்துடறேன்" என்றார்.

9 ஏப்ரல், வியாழன்

விவரப் புத்தகம் முழுக்கத் தேடினேன். ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு சொந்தக்காரர். கணிதத் துறையில் ஒரு கிரெடிட் கேட்டதற்கு, காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்ன மாதிரி பார்த்தார்கள். ஒன்பதாம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர்தான் பேசிப் பார்க்கக்கூடிய ஆள். பேசினேன். மனிதர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

11 ஏப்ரல்

ஒன்பதாம் பக்கத்தில் 'கம்ப்யூட்டரும் மனிதரும்' என்று போடலாம், மூன்று மணி நேர வகுப்பு, அமலராணி எடுப்பார் என்று எழுதிக் கொடுத்தேன். கிரெடிட் மாறவில்லை, நூற்றிருபதுக்குச் சேதமில்லை. "உங்களுக்குப் பரவாயில்லையா சார்?" என்று பிரின்ஸிபால் கேட்டார். எள்ளல் இல்லாமலே பதினாலு வருஷம் இந்தக் கல்லூரி நன்றாகத்தான் நடந்தது என்றேன்.

22 ஏப்ரல், புதன்

கேன்டீன் மேஜையில் நான், குப்புராஜ், அமலராணி. புதுப் பெயர் அச்சடித்த துண்டுத்தாளைக் கோந்து தடவிப் பழைய பெயர்மேல் ஒட்டினோம். நான் கொஞ்சம் கோணலாக ஒட்டுகிறேன் என்று குப்புராஜ் இரண்டு முறை சொன்னார். "பேப்பர் என்னுது, கோணல் அதோட பாடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அமலராணி சிரித்தார், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை.

"ஒண்ணே ஒண்ணு ஒட்டாம நான் வெச்சுக்கட்டுமா சார்?"

விதிப்படி கூடாது என்றேன். கடைசியில் குப்புராஜ் எண்ணியபோது ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. எதையும் மூன்று முறை எண்ணுகிற மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

1 ஜூன், திங்கள்

அமலராணிக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேக். எனக்கு இரண்டு துண்டு.

24 ஜூன்

குப்புராஜிடமிருந்து சீட்டு. 'தமிழ்த் துறை, பொன்னுரங்கம்: ஒன்பது கிரெடிட். குறைவு மூன்று. லேப் மேற்பார்வை மூலம் ஈடு செய்யப்படும்.' கணக்கில் தப்பு இருக்குமா என்று பார்த்தேன். இல்லை.

8 ஜூலை, புதன்

புதன், வெள்ளி, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. வாரம் ஆறு மணி நேரம், மூன்று கிரெடிட். செருப்பை வெளியே விட்டேன். உள்ளே பத்து நாற்காலி, பத்திலும் பிள்ளைகள். இரண்டாவது மெஷின் எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. 5.20-ல் உட்கார இடமில்லை.